படகுத்துறைப் பாட்டில் ஒரு மூச்சு

"டீச்சர், எனக்குன்னு சொந்தமா ஒரு குரலே இல்லையாம்."

ஓக்ஜூ காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். உள்ளே வந்து வணக்கம் சொல்லும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஹேரான் டீச்சர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு குவியல் முளைகட்டிய சோயாப் பயறு. ஒவ்வொன்றாக எடுத்து வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கொரியாவில் அதைச் சூப்பில் போடுவார்கள். வாலோடு போட்டால் பல்லில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கான்."

"என்னன்னு?"

"ஹேரானின் அருமையான எதிரொலின்னு."

"அருமையானன்னுதானே போட்டிருக்கான். அப்புறம் என்ன?"

ஓக்ஜூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்து நாலு வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். டீச்சர் முன்னால் நின்றால் மட்டும் அழுகை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறது.

"விளையாடாதீங்க டீச்சர். முதல் கச்சேரிக்கும் இதையேதான் எழுதினாங்க. ரெண்டாவது கச்சேரிக்கும் இதையேதான் எழுதினாங்க. வர்ற சனிக்கிழமை மூணாவது. அதுக்கும் இப்படியே எழுதினா நான் பாட்டை விட்டுடறேன்."

"விட்டுட்டு?"

"அக்கா கடையில ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. சூப் ஊத்தப் போறேன்."

"உங்க அக்கா சூப் நல்லாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர்.

பிறகு ஒரு பிடி பயறை அள்ளி அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காரு. நீயும் கிள்ளு."

இந்த ஹேரான் டீச்சர் யாரென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரோ ஒரு பாட்டு வாத்தியாரம்மா என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கொரியாவில் தேகு என்று ஒரு ஊர். சுற்றிலும் மலை. கோடை வந்தால் ஊரே வாணலி மாதிரி காயும். அங்கே சந்தைத் தெருவில் பிறந்து, சர்ச்சில் நாலு பேரோடு சேர்ந்து பாட ஆரம்பித்தவர்தான் ஹேரான். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மேலே போகப் போக மெலியாமல், இன்னும் திறந்துகொண்டே போகும். சோப்ரானோ என்று சொல்வார்களே, பெண்குரலில் உச்சத்தில் நிற்கிற குரல், அது.

கையில் ஒரு பெட்டியோடு இத்தாலிக்குப் போனார். பாஷை தெரியாது. ரொட்டியும் தக்காளியும் தின்று படித்தார். அப்புறம் அங்கேயே மேடை ஏறினார். ஓப்பரா என்ற இசை நாடகங்களில் கதாநாயகிகள் கடைசிக் காட்சியில் செத்துப்போவது வழக்கம். ஹேரான் காசநோயில் செத்திருக்கிறார், விஷம் குடித்துச் செத்திருக்கிறார், கோட்டைச் சுவரிலிருந்து குதித்துச் செத்திருக்கிறார். ஒவ்வொரு சாவுக்கும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது.

பிறகு ஊருக்குத் திரும்பினார்.

அந்த நாட்டில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் பாட்டுப் படித்துவிட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், வந்த கையோடு ஒரு தனிக் கச்சேரி வைத்தாக வேண்டும். 'நான் வந்துவிட்டேன்' என்று ஊருக்குச் சொல்கிற கச்சேரி. முன்பாதி முழுக்க அயல்நாட்டுப் பாட்டு. இடைவேளையில் போய் உடை மாற்றிக்கொண்டு, சொந்த ஊர்ப் பட்டு உடையில் வந்து, பின்பாதியில் சொந்த மொழிப் பாட்டு.

அந்தப் பின்பாதியில்தான் எல்லாம் நடந்தது.

படகுத்துறை என்று ஒரு பாட்டு. துறையில் ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறாள். போனவன் வரவில்லை. அவ்வளவுதான் கதை. கடைசி வரி மட்டும் நீளமோ நீளம்: 'வருவேன் என்றவன் வரவே இல்லை.' மெள்ள ஏறி, உச்சிக்குப் போய், இறங்க வேண்டும். ஒரே மூச்சு. நடுவில் மூச்சு எடுக்கிற வழக்கமே கிடையாது.

ஹேரான் அன்றைக்கு எடுத்தார்.

அதுவும் எங்கே? சொல்லுக்கு நடுவில். 'வர' என்று உச்சியில் நின்றார். நிறுத்தினார். ஒரு மூச்சு. 'வே இல்லை' என்று இறங்கினார்.

அரங்கம் உறைந்துபோய்விட்டது. பின்வரிசையில் ஒரு பெரியவர் வாய்விட்டு அழுதாராம். மறுநாள் பத்திரிகைகள் அந்த மூச்சைப் பற்றித்தான் எழுதின. ஒரு மூச்சுக்குள் ஒரு ஆயுள் காத்திருப்பு என்று எழுதினார்கள். வந்துவிடுவான் என்ற நம்பிக்கை அந்த இடத்தில்தான் ஒடிகிறது என்று எழுதினார்கள்.

அதன்பிறகு ஹேரான் எங்கே பாடினாலும் ஜனம் அந்த மூச்சுக்காகவே டிக்கெட் வாங்கியது.

டீச்சரிடம் படித்தவர்கள் எல்லாரும் அங்கே மூச்சு எடுத்தார்கள். அவர்களிடம் படித்தவர்களும் எடுத்தார்கள். போட்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற நடுவர்கூட, 'ஆ, ஹேரான் வீட்டுப் பிள்ளை' என்று சொல்லிவிடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். டீச்சர் ஒருநாளும் யாரையும் அங்கே மூச்சு எடுக்கச் சொன்னதில்லை.

ஓக்ஜூ கொஞ்ச நேரம் பயறு கிள்ளினாள். கை வேலை செய்தது, மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளு."

"படகுத்துறையில அந்த மூச்சு. எதுக்கு அங்கே எடுத்தீங்க?"

"மூச்சு போதலை."

ஓக்ஜூ பெருமூச்சு விட்டாள். இதே பதிலைத்தான் அவள் பத்தொன்பது வயதில் கேட்டபோதும் சொன்னார். பியோ மேடம் கேட்டபோதும் இதைத்தான் சொன்னாராம்.

பியோ மேடம் என்றால் பியோ கும்ஜா. டீச்சரின் சிஷ்யைகளில் எல்லாருக்கும் மூத்தவர். பல்கலைக்கழகத்தில் பாட்டுத்துறைக்குத் தலைவி. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அவர் நீளமாக ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். மனிதனுக்கு எதுவுமே போதாது, அந்தப் போதாமையைப் பாட்டாக்கியவர் எங்கள் குரு என்று கட்டுரை போகும். படிக்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஓக்ஜூ மிலான் நகரில் படித்த நாளில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"எனக்கு இன்னும் அது புரியலை டீச்சர்" என்றாள் ஓக்ஜூ. "அந்த மூச்சை நீங்க எடுத்த மாதிரியே எடுக்கறேன். அளவு பிசகாம எடுக்கறேன். ஆனா உள்ளே எதுவும் ஒடியலை. எனக்கு அந்த அர்த்தம் பிடிபடலை. அதனாலதான் எதிரொலின்னு சொல்றாங்க."

டீச்சர் கிள்ளுவதை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சனிக்கிழமை என்ன உடுத்தப் போறே?"

"வாடகைக்கு எடுத்திருக்கேன்."

"திருப்பிக் குடுத்துடு. என்னோடதை உடுத்திக்கோ."

"எந்த உடை டீச்சர்?"

"அதான், அன்னைக்கு உடுத்தினது."

ஓக்ஜூவின் கையிலிருந்த பயறு கீழே விழுந்தது.

விஷயம் எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த சிஷ்யைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. டீச்சர் அந்த உடையை ஓக்ஜூவுக்குக் கொடுக்கிறாராம்! இத்தனை வருஷம் யாருக்கும் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுக்காத உடையாம்!

பியோ மேடம் ஃபோன் செய்தார். குரலில் தேன் வடிந்தது. அடியில் என்ன கொதித்தது என்பது வேறு விஷயம்.

"ரொம்ப சந்தோஷம் ஓக்ஜூ. ரொம்ப ரொம்ப சந்தோஷம். மூத்தவங்க நாங்க இத்தனை பேர் இருக்கோம். இருந்தாலும் டீச்சருக்கு உனக்குக் குடுக்கணும்னு தோணியிருக்கு பாரு. அதுலயும் ஏதோ அர்த்தம் இருக்கும்."

"எனக்கே எதுக்குன்னு தெரியலை மேடம்."

"அந்த உடையோட சேர்ந்து அந்த மூச்சும் உன்கிட்ட வருது. புரியுதா? அதைக் கெடுத்துடாதே. அந்த இடத்துல நீ மூச்சு எடுக்கறப்போ நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்போம்."

ஓக்ஜூ ஃபோனை வைத்தாள். முன்பு பாட்டு மட்டும்தான் பயமாக இருந்தது. இப்போது உடையும் பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. டீச்சர் பெட்டியைத் திறந்து உடையை எடுத்தார். பாவாடை வெளிர்ப் பச்சை, சட்டை வெள்ளை. பட்டு அங்கங்கே மஞ்சள் பாய்ந்திருந்தது. பூச்சி உருண்டை வாசனை.

ஓக்ஜூ குனிந்து வணங்கி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சாமி கும்பிட்டது போதும். உடுத்து" என்றார் டீச்சர்.

அந்த ஊர்ப் பாவாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பெண்கள் பாவாடை நாடாவை இடுப்பில் கட்டுவார்கள். அங்கே நெஞ்சுக்கு மேல். அகலமான ஒரு துணிப்பட்டை மார்பைச் சுற்றி வரும். பாவாடை முழுக்க அந்தப் பட்டையிலிருந்துதான் தொங்கும். முதுகுப்பக்கம் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். நாடாவைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டு, மேலே குட்டைச் சட்டையைப் போட்டுவிட்டால் பட்டை வெளியே தெரியாது.

ஓக்ஜூ பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். முனைகள் முதுகில் ஏறி நிற்கவில்லை. ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"எனக்குச் சின்னதா இருக்கு டீச்சர். நான் பருத்துட்டேன்."

"நீ பருக்கலை. திரும்பு."

டீச்சர் இரண்டு நாடாவையும் கையில் சுற்றிக்கொண்டார். முழங்காலைத் தூக்கி ஓக்ஜூவின் முதுகில் வைத்தார்.

இழுத்தார்.

"அம்மா!" என்று கத்தினாள் ஓக்ஜூ.

"பேசாதே. பேசினா விலகிடும்."

எழுபத்தைந்து வயதுக் கைக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ. இன்னொரு இழு. முனைகள் கூடின. முடிச்சு விழுந்தது. மேலே சட்டையை மாட்டிவிட்டு, முன்னால் வந்து நின்று பார்த்தார்.

கண்ணாடியில் ஓக்ஜூ அழகாகத்தான் இருந்தாள். முகம்தான் சிவந்துகொண்டே போனது.

"பாடு" என்றார் டீச்சர்.

"என்ன பாட்டு?"

"படகுத்துறை."

டீச்சர் பியானோ முன்னால் உட்கார்ந்தார். ஓக்ஜூ பாட ஆரம்பித்தாள்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மூச்சு உள்ளே இறங்க இடமில்லை. விலா எலும்பு விரிய மாட்டேன் என்றது. கொஞ்சமாக எடுத்து, கொஞ்சமாகச் செலவழித்து, கஞ்சத்தனமாகப் பாடிக்கொண்டு போனாள். துறை வந்தது. பனி வந்தது. கடைசி வரி வந்தது.

'வருவேன் என்றவன்' என்று ஏறினாள்.

'வர' என்று உச்சியில் நின்றாள்.

அங்கே தீர்ந்துவிட்டது.

துளிகூட மிச்சமில்லை. கண் இருட்டியது. வாயைத் திறந்து, தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி மூச்சை இழுத்தாள். 'வே இல்லை' என்று எப்படியோ இறங்கினாள்.

பியானோ நின்றது.

கீழே தெருவில் யாரோ முட்டை விற்றுக்கொண்டு போனார்கள்.

"டீச்சர்" என்றாள் கடைசியில். குரல் கரகரத்தது. "இதை யாரு தைச்சாங்க?"

"சந்தையில ஒரு தையல்காரம்மா. அளவு எடுத்துக்கிட்டிருந்தா. உள்ளே அடுப்புல சோறு பொங்கி வழிஞ்சுது. ஐயையோன்னு ஓடினா. திரும்பி வந்து, அளவை மறந்துட்டு, ஒரு சாண் குறைச்சு வெட்டிட்டா. கச்சேரி அன்னைக்குக் காலையிலதான் கொண்டாந்து குடுத்தா. வேற உடைக்கு எங்கே போறது? ரெண்டு பேர் பிடிச்சு இழுத்துக் கட்டினாங்க."

ஓக்ஜூ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் டீச்சர் எங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னேனே."

"எப்போ?"

"எப்பவும்தான். கேட்டவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். மூச்சு போதலைன்னு."

ஓக்ஜூவுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சைப் பட்டை பிடித்திருந்ததால் சிரிக்கவும் முடியவில்லை. சிரிப்பும் அழுகையுமாக விக்கினாள். மிலானில் தலைமாட்டில் வைத்துப் படுத்த கட்டுரை ஞாபகம் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு மூச்சைப் பழகின மாதங்கள் ஞாபகம் வந்தன. தன்னிடம் படிக்கிற பெண்களுக்கு அதை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தபோது முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்களாவது அப்புறம் நிறுத்தியிருக்கலாமே."

டீச்சர் பியானோ மூடியைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"நிறுத்திப் பார்த்தேன். சரியான அளவுல இன்னொண்ணு தைச்சுக்கிட்டு, சியோல்ல போய் ஒரே மூச்சுல பாடினேன். எனக்கு அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு."

"அப்புறம்?"

"ஜனம் சும்மா உட்கார்ந்திருந்துச்சு. முடிஞ்சதும் பின்னாடி வந்து, உடம்புக்கு முடியலையாம்மான்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பழையபடி எடுத்தேன். கடைசிக் கச்சேரி வரைக்கும் எடுத்தேன்."

இதைச் சொன்னபோது டீச்சர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஓக்ஜூவால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் தன் குரலைத் தான் தொலைத்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கும் ஒன்று தொலைந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"எழுந்திரு" என்றார் டீச்சர்.

பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்தார். பட்டை விலகியது. ஓக்ஜூவின் விலா இரண்டு பக்கமும் விரிந்தது. பட்டையைத் தளர்வாக அவளே கையால் பிடித்துக்கொண்டாள்.

"இப்பப் பாடு."

பாடினாள். மூச்சு தாராளமாக இறங்கியது. துறை வந்தது. பனி வந்தது.

'வருவேன் என்றவன் வர'

நிறுத்தினாள். மூச்சு எடுத்தாள். 'வே இல்லை.'

டீச்சர் பியானோவிலிருந்து திரும்பினார்.

"இப்ப யாரு கட்டினா?"

ஓக்ஜூ உடையைக் கழற்றி மடித்தாள். வணங்கினாள். காலணியை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

அக்காவின் கடை சந்தைக்குள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அக்கா உடையை விரித்துப் பார்த்தாள்.

"இதென்னடி, குழந்தைக்குத் தைச்சதா?"

"பட்டையில ஒரு சாண் துணி ஒட்டுப் போடணும் அக்கா."

"உங்க டீச்சரம்மா திட்ட மாட்டாங்களா? ஏதோ பொக்கிஷம்னு சொன்னியே."

"மாட்டாங்க."

வேறு துணி அகப்படவில்லை. அக்கா தன் பழைய ஏப்ரனைக் கிழித்தாள். சூப் கறை இல்லாத இடமாகப் பார்த்து வெட்டி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தைத்தாள்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

ஓக்ஜூ நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் நடந்த இரண்டு கச்சேரிக்கும் அக்கா வரவில்லை. கடையை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டாள்.

"கடை?"

"பூட்டிட்டு வரேன். திங்கள்லேர்ந்து நீதான் இங்கே வந்துடப் போறியே. ஒருநாள் பூட்டினா என்ன?"

ஓக்ஜூ பட்டையின் ஒட்டுத் துணியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை. பெரிய அரங்கம் இல்லை. ஆனால் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் டீச்சரின் சிஷ்யைகள், சிஷ்யைகளின் சிஷ்யைகள். முன்வரிசை நடுவில் பியோ மேடம். அவருக்குப் பக்கத்தில் ஹேரான் டீச்சர். ஓரத்து இருக்கையில் அக்கா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

முன்பாதி நன்றாகவே போனது. மூன்று கச்சேரியிலும் முன்பாதி நன்றாகத்தான் போயிருக்கிறது.

இடைவேளை முடிந்து ஓக்ஜூ வெளிர்ப் பச்சைப் பட்டில் மேடைக்கு வந்தபோது அரங்கத்தில் ஒரு சலசலப்பு. அதே உடை! சில பெண்கள் அப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படகுத்துறையைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

பியானோ ஆரம்பித்தது. ஓக்ஜூ பாடினாள். முதுகில் ஏப்ரன் துணி மெதுவாக உரசிக்கொண்டிருந்தது. விலா விரிய இடம் இருந்தது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த இடம் நெருங்க நெருங்கப் பழக்கம் தொண்டைக்கு வந்து நின்றது.

கடைசி வரி.

'வருவேன் என்றவன்' ஏறினாள். 'வர' என்று உச்சிக்குப் போனாள்.

அப்போது கீழே ஒரு சத்தம் கேட்டது.

அரங்கம் முழுக்க மூச்சு எடுத்தது. பியோ மேடம் எடுத்தார். பின்வரிசைகள் எடுத்தன. அத்தனை பெண்களும் பழக்கத்தில், ஒரே நொடியில், 'ஹா' என்று மூச்சை இழுத்தார்கள். கடலோரத்தில் அலை பின்வாங்கும்போது கேட்குமே, அந்த மாதிரி இருந்தது.

மேடையில் ஓக்ஜூ எடுக்கவில்லை.

'வரவே' என்று உச்சியிலேயே குரல் திரும்பியது. திரும்பி இறங்கியது. உடையவில்லை. ஒடியவில்லை. கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூட இருந்தது. வரவே இல்லை, ஆமாம், வரவே இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று ஒரு பெண் எழுந்து நடக்கிற மாதிரி இருந்தது.

அவள் கண் ஒரு கணம் முன்வரிசைக்குப் போனது. ஹேரான் டீச்சரின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், நடுவில் நிறுத்தாமல், கடைசிச் சொல் வரைக்கும் ஒரே மூச்சில் அவரும் பாடிக்கொண்டு வந்தார். கன்னம் நனைந்திருந்தது. அவர் துடைக்கவில்லை.

பாட்டு முடிந்தது. இழுத்த மூச்சை விடத் தெரியாமல் அரங்கம் உட்கார்ந்திருந்தது.

ஓரத்திலிருந்து ஒரே ஒரு ஆள் கைதட்டினாள். சந்தையில் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிப் பழகிய கை. சத்தம் கொஞ்சம் அதிகம்தான். அப்புறம் டீச்சர் தட்டினார். அப்புறம் மெள்ள மெள்ள மற்றவர்கள் தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் பூச்செண்டும் ஜனமுமாக நெரிந்தது. அக்கா இடித்துக்கொண்டு வந்தாள்.

"அடியே!"

"என்னக்கா?"

"எனக்கு உங்க பாட்டெல்லாம் ஒரு மண்ணும் புரியாது. ஆனா கடைசியில ஒரு குரல் வந்துச்சு பாரு. சின்ன வயசுல ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு, அக்கா, சோறு ஆறுதுன்னு கத்துவியே. அதே குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

ஓக்ஜூ அவளைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை அழுகையை அடக்கவில்லை.

"திங்கள்கிழமை வர வேண்டாம்" என்றாள் அக்கா அவள் தோளைத் தட்டிக்கொண்டே. "வேற ஆள் பார்த்துக்கறேன்."

கூட்டம் விலகியது. பியோ மேடம் வந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. பின்னால் ஹேரான் டீச்சர், யாரோ கொடுத்த பூச்செண்டை முகர்ந்துகொண்டே.

"ஓக்ஜூ" என்றார் பியோ மேடம். "உன்னை நம்பிக் குடுத்தாங்களே. அந்த மூச்சை என்ன பண்ணினே?"

"டீச்சர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன் மேடம்."

பியோ மேடம் சட்டென்று திரும்பினார்.

"டீச்சர்! இவ என்ன சொல்றா?"

"என்னை ஏன் கேட்கறே?" என்றார் டீச்சர். "அது என்னோடதே இல்லையே. தையல்காரம்மாவோடது."

"தையல்காரம்மா" என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார் பியோ மேடம். இன்னொருமுறை சொன்னார். அவர் கண்கள் நிறைந்தன.

பிறகு கைப்பையைத் திறந்து பேனாவைத் தேட ஆரம்பித்தார்.